முழுக்குத் தொட்டி

அன்று காலை தொட்டியடியில் ஐந்து பேர் நின்றோம்.

முதலாளி. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி ஆற்றோரமாக இருந்த செடித் தோட்டம் அவருடையது.

பார்வதியக்கா. கொட்டகைக்குள் இருக்கும் செடிச் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. மஹய்யாவையில் எங்கள் வரிசையிலேயே, மூன்று வீடு தள்ளி இருந்தார்.

சுனில். லொறி ஓட்டுகிறவன். சிங்களவன். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பிடித்துக்கொண்டவன்.

யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். விவசாய ஆய்வுகூடம் ஒன்றில் உத்தியோகம். எங்கள் தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மனைவிக்கு வயலட் பூச்செடி வாங்க வந்த இடத்தில் நின்றார். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆய்வுகூட ஐயா என்போம்.

நான். முத்தையா. சாடிகளுக்கு முழுக்குப் போடுகிறவன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நீங்கள் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு. எந்த மருந்து, எத்தனை கரண்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்களுடையது வாடகைச் செடி. விற்பது கொஞ்சம்தான். ஹோட்டல், பேங்க், கல்யாண மண்டபம் என்று வெயில் படாத இடங்களில் வைக்கிற செடிகள். கொண்டுபோய் வைப்போம். மாதம் ஒருமுறை திருப்பி எடுத்து வேறு வைப்போம். களைத்து வந்தது கொட்டகையில் கிடந்து தேறும். பிறகு வேறு இடத்துக்குப் போகும். உள்ளே வைக்கிற செடி எல்லாம் இப்படித்தான் பிழைக்கும்.

முழுக்கு என்பது எங்கள் தோட்டத்துப் பழக்கம். வேறு இடத்தில் நான் பார்த்ததில்லை. லொறி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி. இடுப்பளவு உயரம். போகிற சாடி ஒவ்வொன்றையும் அதில் வாய்வரை முக்கிப் பிடிக்க வேண்டும். குமிழி வரும். குமிழி நின்றால் உள்ளே இருக்கும் தேங்காய்த் தும்புத் தூள் முழுக்க ஊறிவிட்டது என்று அர்த்தம். எடுத்து வடியவிட்டு லொறியில் ஏற்றலாம். ஹோட்டல்காரர்கள் ஒருநாள் ஊற்றுவார்கள், மூன்று நாள் மறப்பார்கள். எங்கள் செடி வாடாது. முதலாளி அதைச் சொல்லித்தான் வாடகைக்குப் பேசுவார். "எண்ட சாடி மூணு நாளைக்கித் தண்ணி கேக்காது" என்பார்.

திரும்பி வருகிற சாடிக்கும் முழுக்கு உண்டு. தூசி, சிகரெட் சாம்பல், யாரோ ஊற்றிவிட்ட தேத்தண்ணீர் எல்லாம் அதில் போகும். புதுச் சாடிக்கு மாற்றி நட்டாலும் ஒரு முழுக்கு. எல்லாம் ஒரே தொட்டி. தண்ணீரைக் கொட்டுவதில்லை. குறைந்தால் மேலே நிரப்புவோம். அதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பெரஹரா ஊர்வலத்துக்கு எட்டு நாள் இருந்தது. வாவிக்கு மேலே இருந்த ஹோட்டல் ஒன்று நூற்றிருபது சாடி கேட்டிருந்தது. பெரும்பாலும் டிபன்பேக்கியா. பச்சை இலையில் வெள்ளை தெளித்த மாதிரி இருக்குமே, அது. முன்வரிசையில் நல்ல சாடிகளுக்கு மாற்றி நட்டு வைத்திருந்தோம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதம்.

முந்தின நாள் மூன்று சாடி சரிந்தது. அன்று காலை இன்னும் ஏழு. கீழ் இலை மஞ்சள். மண்மட்டத்தில் தண்டு கறுத்து, விரல் வைத்தால் உள்ளே போகிறது. புளித்த நாற்றம்.

முதலாளி அந்த ஏழு சாடியையும் தூக்கிவந்து தொட்டியடியில் வரிசையாக வைத்தார். பார்வதியக்காவைக் கூப்பிட்டார்.

"என்தா பார்வதி இது? ஒனக்கு செடிக்கி ஊத்தச் சென்னேனா, வயலுக்குத் தண்ணி கட்டச் சென்னேனா?"

"மொதலாளி, நான் வெரல விட்டுப் பாத்துதான் ஊத்துறேன். ஈரமா இருந்தா அந்தப் பக்கமே போறதில்லங்க."

"அப்ப இது காஞ்சா அழுகினிச்சு?"

சுனில் நடுவில் புகுந்தான். "மொதலாளி, மழை மிச்சம் தானே. அதுதான்."

"கொட்டகக்குள்ள எங்கடா மழ? நீ லொறியப் பாரு."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, சுனில் டயரைப் பார்க்கப் போகிற மாதிரி இரண்டு அடி வைத்து, அங்கேயே நின்றான்.

செடி அழுகினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் கூடிவிட்டது. தண்ணீர் கூடினால் ஊற்றினவர் தப்பு. பார்வதியக்கா ஏழு வருடமாக ஊற்றுகிறார். அதை யாரும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

ஆய்வுகூட ஐயா கையில் வயலட் சாடியோடு நின்றவர், அதைத் தொட்டி விளிம்பில் வைத்தார். குனிந்து ஒரு டிபன்பேக்கியாவைக் கவிழ்த்து வெளியே எடுத்தார். மோந்து பார்த்தார். ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்தார். வேரின் தோல் உறை மாதிரிக் கழன்று அவர் விரலோடு வந்தது. உள்ளே நூல் மட்டும் செடியில் நின்றது.

"இது தண்ணி கூடினதாலை மட்டும் வந்ததில்லை" என்றார். "இது பங்கசு, பூஞ்சணம். தண்ணியிலை நீந்துற சாதி."

"நீந்தவா?" என்றான் சுனில். "மீனா ஐயா?"

"மீன் எண்டே வையும். கண்ணுக்குத் தெரியாத மீன்." பிறகு முதலாளியைப் பார்த்தார். "இந்த ஏழும் ஒரே இடத்திலையோ நிண்டது?"

பார்வதியக்கா சொன்னார். "இல்லீங்கய்யா. இது ரெண்டும் முன்வரிச. இது மூணும் பின்னால, தடுப்புக்கு அங்கிட்டு தேற வச்சிருந்தது. இது ரெண்டும் போன வாரம் மண்டபத்துலருந்து வந்தது."

"அப்ப எல்லாம் சேர்ந்து போன இடம் எது?"

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர்தானே சாடியளை இதுக்கை முக்கிறது? வருத்தம் பிடிச்ச, அழுகின சாடி ஏதும் இதுக்கை போனதோ?"

அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன் அது என் மனதில் இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பேங்கிலிருந்து சாடி ஒன்று வந்தது. லொறியிலிருந்து இறக்கும்போதே நாற்றம். இலை ஒன்று கையோடு வந்தது. தனியாக வைத்திருக்க வேண்டும். ஆனால் அன்று பதினெட்டு சாடி போக இருந்தது. சுனில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். நான் பழக்கத்தில் அதையும் முக்கினேன். முக்கின பிறகுதான் தண்டு அழுகியதைப் பார்த்தேன். செடியைப் பிடுங்கி எறிந்தேன். சாடியைக் கழுவி வைத்தேன். அதே தண்ணீரில் மற்றப் பதினெட்டையும் முக்கி ஏற்றினேன். லொறி போனது. நானும் மறந்தேன்.

இது பிழை. இப்படிப் பிழை இந்த வேலையில் எல்லோருக்கும் வரும். உங்களுக்கும் வரும். இதைச் சொல்ல நான் எழுத உட்காரவில்லை.

ஐயா கேட்டதற்கு நான், "தெரியாதுங்க" என்றேன்.

இதுதான்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு ஜாம் போத்தல் கேட்டார். ஒன்றில் தொட்டித் தண்ணீர் எடுத்தார். மற்றதில் மேலே மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர். தான் வாங்கின வயலட்டில் நல்ல இலை ஒன்றை ஒடித்து, பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, இரண்டிலும் மிதக்கவிட்டார். துணியால் வாயைக் கட்டினார். முதலாளியின் கந்தோர் அறையில் அலுமாரிக்கு மேல் வைக்கச் சொன்னார்.

"நாலு நாள். ஒருத்தரும் தொடாதேங்கோ. தண்ணியிலை ஆள் இருந்தால் இலை காட்டும். அதுவரைக்கும் இந்தத் தொட்டியைப் பாவிக்காமல் விடுறது நல்லம்."

முதலாளி தலையாட்டவில்லை. "ஐயா, பெரஹரா வருது. முழுக்கு நிப்பாட்டினா மத்த இடத்துக்கு எப்பிடி அனுப்புறது? அங்கெல்லாம் மூணு நாளைக்கித் தாங்க ஏலாது. முத்தையா ஒண்டுமில்லண்டு செல்றானே. அவன் பதினோரு வருசமா இதுலதான் நிக்கிறான்."

என் வார்த்தையை வைத்து அவர் பேசினார். நான் நின்றேன்.

பிறகு பார்வதியக்காவைப் பார்த்தார். "நாலு நாளைக்கிப் பாக்கிறன். தண்ணீல ஒண்டும் இல்லாட்டி, நீ வேற எடம் பாத்துக்கோ. கோவிச்சிக் கொள்ளாத. எனக்கும் செடிதான் சோறு."

ஆய்வுகூட ஐயா இலை குறைந்த வயலட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் நானும் பார்வதியக்காவும் ஒரே பஸ். அவருக்கு ஜன்னல் பக்கம் பிடிக்கும். புருஷன் படுக்கையில் மூன்று வருடமாக. இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர்தான். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், மூன்று வீடு தள்ளி.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"நான் ஊத்துறத நீ டெய்லி பாக்குற. நான் கூட ஊத்துவேனா?"

"இல்ல."

"மொதலாளிகிட்ட அத ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு."

"பாப்போம்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம். வேறு பெரிய காரணம் இல்லை. முழுக்குப் போடுகிறவன்தான் லொறியோடு போவான். ஊர் பார்ப்பான். ஹோட்டல் குசினிப் பின்பக்கம் சுனிலும் நானும் உட்கார்ந்தால் நல்ல தேத்தண்ணீர், சில நாள் கேக் துண்டும் வரும். கொட்டகைக்குள் குனிந்து கிடக்கத் தேவையில்லை. அது போய்விடும் என்று நினைத்தேன். வேலையே போய்விடும் என்றும் நினைத்தேன்.

இன்னொன்றும் நினைத்தேன். தண்ணீரே சொல்லிவிடும். போத்தலில் இலை அழுகினால் தொட்டிதான் காரணம் என்று தெரிந்துவிடும். பார்வதியக்கா தப்பிவிடுவார். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. நான்கு நாளும் அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

முழுக்கு நடந்தது. நிறுத்தினால் ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்பார்கள். அதனால் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் கந்தோரில் யாரும் இல்லாதபோது கதிரை போட்டு ஏறிப் பார்த்தேன். பீலித் தண்ணீரில் இலை பச்சையாகக் கிடந்தது. தொட்டித் தண்ணீரில் ஓரமெல்லாம் வெந்த கீரை மாதிரி. ஒரு துண்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை நூல்.

கை போத்தலில் இருந்தது. இரண்டையும் மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. மாற்றினாலும் ஒன்று அழுகித்தான் இருக்கும், பீலியில் நோய் என்று சொல்வார்கள். அந்தப் பீலியில்தான் பார்வதியக்கா தண்ணீர் பிடிக்கிறார். இதெல்லாம் கதிரையில் நின்றபடி யோசித்தேன். துணியைக் கட்டிவிட்டு இறங்கினேன். மாற்றவில்லை. அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டியதில்லை. இறங்கி நேரே தொட்டிக்குத்தான் போனேன். மண்டபத்துக்குச் சாடி போக இருந்தது. முக்கினேன்.

அன்று வரை இருபத்திரண்டு சாடி சரிந்திருந்தது.

நாலாம் நாள் பத்து மணிக்கு ஐயா வந்தார். மறுபடியும் அதே ஐந்து பேர். போத்தல்களைக் கந்தோர் மேசையில் வைத்துத் துணியை அவிழ்த்தார். சொல்ல ஒன்றுமில்லை. பார்த்தாலே தெரிந்தது.

"தொட்டிதான்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

முதலாளி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வைத்தார். பார்வதியக்கா பக்கம் திரும்பினார்.

"அப்ப நீதான் இதக் கொட்டக முழுக்கப் பரப்பி ஈக்கிறாய். வாளிய இதுல முக்கி முக்கித்தானே ஊத்துறாய்?"

தண்ணீர் எனக்காகப் பேசவில்லை. தண்ணீர் தொட்டியைக் காட்டியது. ஆளைக் காட்டவில்லை. ஆளை முதலாளி ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்.

"நான் தொட்டித் தண்ணி எடுக்கிறதே இல்லங்க" என்றார் பார்வதியக்கா. "குனிஞ்சு அள்ளினா இடுப்பு புடிக்குது. பீலியிலதான் புடிக்கிறேன்."

"யாரு கண்ட?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் மறுபடியும் சும்மா நின்றிருப்பேன்.

"நான் பாத்திருக்கேன்" என்றேன். "அவங்க பீலித் தண்ணிதான். அவங்க தட்டுல இருக்க வயலட்டு, கன்னு எடுக்குற தாய்ச்செடி வரிச, ஒண்ணு அழுகலயே. அதெல்லாம் அவங்க கையால மட்டும் ஊத்தினது. தொட்டிக்கு வராதது."

முதலாளி யோசித்தார். "அப்ப தொட்டிக்கி எப்பிடி வந்திச்சு?"

"பேங்க் சாடி ஒண்ணு அழுகி வந்துச்சு. நாறுச்சு. நான் முக்கிட்டேன்."

"எப்ப?"

"மூணு வாரம் இருக்கும்."

"அண்டக்கி ஐயா கேக்கக்குள்ள?"

"தெரியாதுன்னேன்."

"தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

சுனில் சிங்களத்தில் ஏதோ முனகினான். எனக்கு விளங்கியது. எழுதத் தேவையில்லை.

பார்வதியக்கா திட்டவில்லை. "பஸ்ஸுல கேட்டேனே தம்பி" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் அது.

பெரஹராவுக்கு நாலு நாள். முதலாளி என்னைத் திட்டுவதை ஒத்திவைத்தார். அவருக்கு நூற்றிருபது சாடி வேண்டும். முன்வரிசையில் இன்னும் தொண்ணூற்றுக்கு மேல் நிமிர்ந்து நின்றன. இலையில் ஒரு புள்ளி இல்லை.

"இதுல நல்லதாப் பாத்து எடு" என்றார். "பெரஹரா முடியுமட்டும் நிண்டாப் போதும். பொறகு கொண்டுவந்து எரிச்சிடலாம்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஒரு வருட உழைப்பு அந்த வரிசையில் நின்றது. அந்த இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். முதலாளி ஆய்வுகூட ஐயாவைப் பார்த்தார், அவர் ஏதாவது சொல்வாரா என்று.

"அது உங்கடை விருப்பம்" என்றார் ஐயா. "உங்கடை செடி."

நான் போனேன். இருந்ததில் நல்லதாகப் பத்துச் சாடி எடுத்தேன். நல்லது என்றால் அவரே கல்யாண மண்டபத்து வாசலுக்குத் தேர்ந்தெடுக்கிற மாதிரி நல்லது. கொண்டுவந்து முதலாளி முன்னால் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன்.

எட்டில் தோல் கழன்றது. உள்ளே நூல்.

"இலையப் பாத்தா தெரியாதுங்க" என்றேன். "ஹோட்டல்ல அவங்க சொந்தச் செடியும் இருக்கு. ஊத்துற வாளி ஒண்ணுதான். நான் பாத்திருக்கேன். நாம கொண்டு போனா அதுவும் போயிரும்."

முதலாளி அந்த வேரைத் தன் கையாலும் ஒன்று இழுத்துப் பார்த்தார். விரலில் ஒட்டின தோலைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். எழுந்து டெலிபோனுக்குப் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. சத்தம் போட்டுப் பேசுகிற மனுஷர் அன்று மெதுவாகப் பேசினார்.

பார்வதியக்காவின் தட்டில் இருந்தது, தாய்ச்செடி வரிசையில் இருந்தது என்று தொட்டிக்கு வராததை எல்லாம் சேர்த்தோம். பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அது ஹோட்டலுக்குப் போனது. மீதிக்கு ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் பிடித்தார்கள். அடுத்த வருடமும் அந்த ஆளையே பிடித்தார்கள். அவ்வளவுதான்.

மற்றதை எரித்தோம். மழையில் பச்சைச் செடி எரியாது. மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய டயர் போட்டு, இரண்டு நாள். வெளியே போயிருந்த சாடிகளையும் சுனிலோடு போய்த் திருப்பி எடுத்தேன். மண்டபம், பேங்க், ஒரு பல் வைத்தியர் வீடு. ஒவ்வொரு இடத்திலும் ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நோய் என்று சொன்னேன். எப்படி வந்தது என்று பல் வைத்தியர் கேட்டார். நான் கொண்டுவந்தது என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதல் தடவைதான் கஷ்டம்.

தொட்டியின் அடியில் முதலாளி அலவாங்குக் கம்பியால் ஓட்டை போடச் சொன்னார். யாரும் மறுபடி நிரப்பக் கூடாது என்று. நான்தான் போட்டேன். பிறகு அதில் மணல் கொட்டி வைத்தோம்.

என்னை நிறுத்தவில்லை. "நீ கொட்டகக்கிப் போ. பார்வதிட்ட கேட்டு ஊத்து" என்றார். அவ்வளவுதான் திட்டு. லொறியோடு போக வேறு ஆள் வந்தார். நான் ஆறு வருடம் பார்வதியக்காவுக்குக் கீழே தண்ணீர் ஊற்றினேன். அவர் இதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. ஆனால் வெளியிலிருந்து சாடி திரும்பி வந்தால் கொட்டகைக்குள்ளிருந்து குரல் வரும்.

"மோந்தியா?"

"மோந்துட்டேங்கக்கா."

"கவுத்தியா?"

"கவுத்தேன்."

"பாத்ததச் சொல்லு."

சுனில் இதைப் பிடித்துக்கொண்டான். ஹோட்டல் குசினியிலிருந்து கேக் கொண்டுவந்து நீட்டினாலும், "முத்தையா, மோந்தியா? பாத்தது சொல்லு" என்பான். தோட்டம் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். பஸ்ஸில் மட்டும் பார்வதியக்கா வேறு ஸீற்றில் உட்கார்ந்தார். இரண்டு வருடம் அப்படி. ஒருநாள் மழையில் கூட்டம், வேறு இடம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தார். "நகரு" என்றார். பிறகு எப்போதும் அங்கேயே உட்கார்ந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக இல்லை. செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் அழுகின செடியும் தாகம் பிடித்த செடி மாதிரித்தான் தொங்கும். ஊற்றினால் சீக்கிரம் சாகும். முதலில் கவிழ்த்து வேரைப் பாருங்கள். திரும்பி வந்த சாடியைத் தனி இடத்தில் வையுங்கள். ஒரு சாடியின் தண்ணீர் இன்னொரு சாடிக்குப் போகக் கூடாது. இதெல்லாம் இப்போது புத்தகத்திலும் இருக்கிறதாம்.

புத்தகத்தில் இல்லாததை ஆய்வுகூட ஐயா எனக்குச் சொன்னார். சொன்னார் என்றும் சொல்ல முடியாது. கேட்டார்.

அடுத்த மாதம் அவர் இன்னொரு வயலட் வாங்க வந்தார். முதல் செடி இலை வெட்டியதில் அழகு கெட்டுவிட்டது, மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றார். நான் கொட்டகையில் நின்றேன். நல்ல செடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"அழுகின சாடி தொட்டிக்கை போறது ஆருக்கும் நடக்கும்" என்றார். "எங்கடை ஆய்வுகூடத்திலையும் நடந்திருக்கு."

நான் அந்தச் செடியில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளினேன்.

"நான் போத்தல் வைச்ச அந்த நாலு நாளும் முழுக்குப் போட்டனீரோ?"

"ஆமாங்க."

"எத்தினை?"

"எண்ணலீங்க."

"எண்ணிப் பாரும்."

செடியைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

லொறியில் ஏறுகிற சாடியை நாள்வாரியாக எழுதி வைக்கிற கொப்பி ஒன்று இருந்தது. எழுதுவது நான்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்து விரித்தேன். முதல் நாள் ஒன்பது. இரண்டாம் நாள் பதினான்கு. இலையைப் பார்த்துவிட்டு இறங்கிய நாள் பன்னிரண்டு. நாலாம் நாள், ஐயா வருமுன் காலையில், பதினொன்று.

நாற்பத்தாறு.